சின்ன ஊரில் வாழ்கிறவர்களின் தனிமையையும் அவர்கள் மூடி மறைக்கும் ரகசியங்களையும் சொல்லும் மர்மப் படம் ஒன்று சொல்ல முடியுமா?

2009-இல் வந்த 'மதர்' என்ற கொரியப் படத்தைப் பாருங்கள். இயக்கியவர் பொங் ஜூன்-ஹோ. 'பாரசைட்' எடுத்து ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான்; இது அதற்குப் பத்து வருடம் முந்தைய படம். முடிவை நான் சொல்லப்போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

ஒரு சின்ன ஊர். மூலிகைக் கடையில் வேரும் தழையும் நறுக்கும் ஒரு அம்மா. லைசென்ஸ் இல்லாமல் அக்குபஞ்சரும் செய்வார். படத்தில் எல்லோருக்கும் அவர் 'அம்மா' மட்டும்தான். ஒரே மகன் டோ-ஜூன். வளர்ந்துவிட்டான், ஆனால் சிறுபிள்ளைப் புத்தி. நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்காது. ஒரு நாள் காலை, ஆ-ஜங் என்ற பள்ளிக்கூடப் பெண்ணின் உடல் ஒரு பாழடைந்த வீட்டு மொட்டை மாடியின் விளிம்பில் தொங்குகிறது. ஊரே அண்ணாந்து பார்க்கும்படி. அங்கே டோ-ஜூன் கையால் எழுதிய ஒரு கோல்ஃப் பந்து கிடைக்கிறது. போலீஸ் அவனைப் பிடித்து, ஒப்புதல் வாங்கி, வழக்கை முடித்துவிடுகிறது. என் பிள்ளை ஒரு பூச்சியைக்கூடக் கொல்ல மாட்டான் என்று அந்த அம்மா தானே துப்புத் துலக்கக் கிளம்புகிறார்.

முதல் தடவை பார்த்தபோது நானும் அவர் கூடவே கொலைகாரனைத் தேடி ஓடினேன். இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் ஆ-ஜங் என் கண்ணில் பட்டாள். அவளுக்கு இருந்த ஒரே துணை, மறதி நோயோடு குடித்துக்கொண்டே இருக்கும் பாட்டி. வீட்டில் அரிசி இல்லை. அந்த அரிசிக்காக ஊர் ஆண்கள் அவளிடம் வந்து போனார்கள். பையன்கள் அவளுக்கு அரிசியை வைத்து ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அப்படியென்றால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்! வந்தவர்களின் முகங்களை அவள் தன் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

நீங்கள் கேட்ட 'சின்ன ஊர் ரகசியம்' இதுதான் என்று நினைக்கிறேன். நகரத்தில் ரகசியம் என்றால் யாருக்கும் தெரியாதது. சின்ன ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஊரறிந்த ரகசியம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த ஊரறிந்த ரகசியத்துக்குள் ஒரு பதினேழு பதினெட்டு வயதுப் பெண் தனியாக மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? படத்தில் அவள் வரும் நேரம் மிகக் குறைவு. எனக்கு அவள் முகம் மறக்கவே மாட்டேன் என்கிறது.

அம்மாவின் தனிமை வேறு மாதிரி. ஆரம்பத்தில் ஒரு காட்சி உண்டு. டோ-ஜூன் பஸ் ஸ்டாப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று சிறுநீர் கழிக்கிறான். அம்மா மருந்துக் கிண்ணத்தோடு ஓடி வந்து, அவன் நிற்கும் நிலையிலேயே வாயில் வைத்துப் புகட்டுகிறார். ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பது போலத்தான் அவனைப் பார்க்கிறார். பஸ் வருகிறது, பாதி மருந்தோடு பையன் ஏறிப் போய்விடுகிறான். அவர் அந்த ஈரத்தைக் காலால் தேய்க்கிறார், பக்கத்தில் கிடந்ததை இழுத்து அதன் மேல் போட்டு மறைக்கிறார். ஒரு வசனம் கிடையாது. மகன் விட்டுப் போனதை யாரும் பார்க்காமல் மூடுவது அவருக்குப் பழகிப்போன வேலை என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடுகிறது. படம் முடிந்ததும் இந்தக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

அம்மாவாக நடித்த கிம் ஹே-ஜாவைப் பற்றி ஒன்று தெரிந்தால் படம் இன்னும் கனமாகிவிடும். கொரியாவில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு கிராமத்துத் தொலைக்காட்சித் தொடரில் குடும்பத்தலைவியாக வந்தவர். 'தேசத்தின் அம்மா' என்றே அங்கே சொல்வார்கள். பொங் அவரை மனதில் வைத்துத்தான் இந்தக் கதையை உருவாக்கினார். எல்லோருக்கும் பிடித்த அந்த அம்மா முகத்தை எங்கே வரை கொண்டுபோகிறார் என்பதைப் பார்க்கும்போது உள்ளுக்குள் நடுங்கும். தலைப்பும் அப்படித்தான். 'மதர்' என்ற ஆங்கிலச் சொல்லையே கொரிய எழுத்தில் வைத்திருக்கிறார்கள். கொலைக்கான ஆங்கிலச் சொல்லும் அவர்கள் உச்சரிப்பில் கிட்டத்தட்ட அதேபோலத்தான் ஒலிக்கும்.

இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். நடுவில் நிறுத்தாமல் பாருங்கள். முடியப்போகும் நேரத்தில் அந்த அம்மா ஒருவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார், ரொம்பச் சின்னக் கேள்வி. அவன் பதில் சொன்னதும் அவர் அழுவார். இரண்டு தடவையும் அந்த இடத்தில் நானும் அழுதேன்.