காலை உணவும் வீட்டு அடுப்பும் – கடிதம்

வணக்கம்.

அரசுப் பள்ளிகளின் காலை உணவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மதியச் சாப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காலையிலும் அரசே சோறு போட்டுவிட்டால் அப்புறம் வீடு எதற்கு? எவ்வளவு கஷ்டத்திலும் எங்கள் அம்மா எங்களைச் சாப்பிட வைக்காமல் பள்ளிக்கு அனுப்பியதில்லை. இன்று எங்கள் ஊரில் பல வீடுகளில் அந்த நேரத்துக்கு அடுப்பே பற்றவைப்பதில்லை. பிள்ளைகள் எழுந்து முகம் கழுவிவிட்டு நேராகப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். பெற்றவர்கள் செய்ய வேண்டியதை அரசு செய்தால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதல் என்ன ஆகும்? நான் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கடையில் நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடமும் இதைச் சொல்வேன். பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ம., ஒட்டன்சத்திரம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் அம்மாவைப் பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன். என் அம்மாவும் எங்களைச் சாப்பிட வைக்கத்தான் பார்த்தாள். ஆனால் நடவுக் காலத்தில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். முந்தின இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை நாங்களே போட்டுச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். இரவில் சோறு மிஞ்சாத நாட்களில் பானையில் நீராகாரம் மட்டும்தான் இருக்கும். உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் போவோம். பத்தரை மணிக்கே கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். கணக்கு வரவில்லை என்று அடி வாங்கியிருக்கிறேன். பசிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அம்மாவுக்கு அவமானம் என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

1982 ஜூலையில் சத்துணவு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. மஞ்சள் பைக்குள் அலுமினியத் தட்டோடு போவேன். எங்கள் தெருவில் கொஞ்சம் வசதியான வீடுகளில் அன்று சொன்னதும் நீங்கள் இன்று சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: பிள்ளைகளைத் தட்டேந்த வைக்கிறார்கள், இனி பெற்றவர்கள் எதற்கு என்றார்கள். அம்மா மட்டும் சாயந்திரம் வந்ததும் என்ன போட்டார்கள், எத்தனை கரண்டி, இன்னொரு தடவை கேட்டால் போடுவார்களா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு எங்கள்மேல் அவளுக்கு ஒட்டுதல் குறைந்ததாக எனக்கு நினைவில்லை. வயலில் நிற்கும்போது ஒரு கவலை குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சண்டை பழையது. 1920இல் சென்னை மாநகராட்சிக்குத் தியாகராயர் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார்கள். செலவு ஆகிறது என்று சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். என்று ஒவ்வொரு படியிலும் 'இது தேவையா' என்ற கேள்வி வந்தது. காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. வேண்டாம் என்று எந்தக் கட்சியும் இனி நிறுத்திவிட முடியாது என்றுதான் நம்புகிறேன்.

அடுப்புப் பற்றவைப்பதில்லை என்றீர்கள். போன வருடம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கம் நூல் மில்கள் அதிகம். முதல் ஷிஃப்டுக்கு மில் வண்டி ஐந்தேகாலுக்கு ஊருக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் சமைத்து வைத்தாலும், பிள்ளை எழுந்து சாப்பிடும்போது எடுத்துப் போட வீட்டில் ஆள் இருக்காது. பள்ளியில் அன்று புதன்கிழமை, பொங்கலும் சாம்பாரும். சமைத்தவர் மகளிர் குழுவைச் சேர்ந்தவர். அவருடைய மகனும் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. யார் சாம்பாரில் காயை ஒதுக்குவார்கள், யார் அடிப்பிடித்த பொங்கலைக் கேட்டு வாங்குவார்கள் என்று அவருக்கு மனப்பாடம்.

வரிசையில் ஒரு சிறுமி நின்றாள். நான்காம் வகுப்பு. இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி. அவளுக்குப் போடும்போது அந்தச் சமையல்கார அம்மா ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார். தலைமையாசிரியர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சிறுமி பொங்கலை விரலால் மசித்து, மிளகைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, ஊதி ஊதித் தம்பிக்கு ஊட்டினாள். அவன் வாயைத் துடைத்த பிறகுதான் அவள் சாப்பிட்டாள். மணி அடித்ததும் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா இரண்டரைக்கு வந்துவிடும், நாளைக்குப் பாட்டி வந்தால் வகுப்பில் உட்காருவேன் என்றாள்.

குடும்பத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது, ம. அந்தத் தம்பியை விட்டுவிட்டுப் போக அந்த அம்மாவுக்கு இடமில்லை. அங்கன்வாடி இருக்கிறது, உண்மைதான். 1975லிருந்து இருக்கிறது, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வயதுக்கு அங்கே சத்துமாவுதான் கிடைக்கும். நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்வது கொஞ்சம் பெரிய பிள்ளைகளைத்தான். அதுவும் ஐந்து மணிக்குத் திறந்திருக்காது. ஐம்பது பெண்களுக்கு மேல் (1976இல் அது முப்பதானது) வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பிள்ளைகளுக்கு ஓர் அறையும், பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண்ணும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. நூறு நாள் வேலைச் சட்டத்திலும், ஐந்து பிள்ளைகள் வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்த இடங்களில் வேப்பமரக் கிளையில் சேலைத் தூளி தொங்கியது. அதை ஆட்டிக்கொண்டிருந்ததும் ஒரு சிறுமிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 2021லிருந்து ஓராண்டு மகப்பேறு விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன். கூலிக்குப் போகும் பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி, அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அந்தப் பணத்தில் எத்தனை மாதம் பிள்ளையோடு வீட்டில் இருக்க முடியும்? நீங்கள் சொல்லும் ஒட்டுதல் வளர நேரம் வேண்டும். இவர்களுக்கு அந்த நேரத்தை யாரும் கொடுக்கவில்லை. காலை உணவு ஒரு அரை மணி நேரத்தையாவது கொடுக்கிறது.

உங்கள் கடையில் வேலை பார்க்கும் அந்த நான்கு பேரும் சிரித்துவிட்டுப் போவதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை நீங்கள் எதுவும் சொல்லாமல், காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், கடைக்கு வந்த பிறகு கைக்குழந்தை யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்