எம் 20: கான்கிரீட்டா, போல்ட்டா?

கேள்வி: ஏற்காட்டில் காபி, மிளகு வைக்க ஒரு இரும்பு ஷெட் போடுகிறோம். வரைபடத்தில் மூன்று இடத்தில் 'எம் 20' என்று இருக்கிறது. கொத்தனார் அது கலவை என்கிறார், ஃபேப்ரிகேஷன்காரர் போல்ட் என்கிறார், எலக்ட்ரீஷியன் அது தன்னுடையது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தூண் நிற்கும் ஒரே இடத்தில் மூன்று எம் 20-யும் வந்து சேர்ந்ததுதான் உங்கள் குழப்பம். இந்தத் துறைக்காரர்கள் யாரும் உட்கார்ந்து பேசிப் பெயர் வைக்கவில்லை, அவரவர் அகராதியில் எம் அவரவருக்கு. போதாக்குறைக்கு தனுசு ராசிப் பக்கம் ஒரு நெபுலாவும் எம் 20தான். அந்த எம், 1764-இல் அதைப் பட்டியலில் சேர்த்த சார்ல் மெசியே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர்.

கலவையிலிருந்து வருகிறேன், பணம் அதிகம் போவது அதில்தான். கான்கிரீட்டில் எம் என்றால் மிக்ஸ். 20 என்பது, 150 மி.மீ. கனசதுரக் கட்டி 28 நாள் கழித்து ஒரு சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்பது. கான்கிரீட்டுக்கான இந்திய தர விதிநூல் ஐ.எஸ். 456-இன் பழைய பதிப்பில் இதே கலவைக்கு எம் 200 என்று பெயர். அப்போது அளவு கிலோ, சதுர செ.மீ. கணக்கில். 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) போட்டுவிட்டு எம் 20 என்று சொல்லும் மேஸ்திரிகள் இன்னும் உண்டு. அது எம் 15. எம் 20-க்கு 1:1½:3.

ஒரு மூட்டை சிமென்ட் சுமார் 35 லிட்டர். 30 × 30 × 39 செ.மீ. உள்ளளவில் ஒரு பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, முக்கால் இன்ச் ஜல்லி மூன்று பெட்டி. பாண்டு கணக்கு வேண்டாம். ஒரு சித்தாள் குவித்துப் போடுவார், இன்னொருவர் தட்டிப் போடுவார். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை, மணல் 15 கன அடி, ஜல்லி 30 கன அடி ஆகும். முக்கால் ஜல்லியை '20 எம்.எம்.' என்பார்களே, அந்த இருபதுக்கும் எம் 20-க்கும் சம்பந்தமில்லை.

கெடுவது தண்ணீரில். மூட்டைக்கு 30 லிட்டர் வரை ஐ.எஸ். 456 பட்டியலில் இருக்கும். ஆனால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு தண்ணீர்-சிமென்ட் எடை விகிதம் 0.55-ஐத் தாண்டக்கூடாது, அதாவது 27 லிட்டரோடு நிறுத்துங்கள். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். ஈர மணல் உப்பிக்கொண்டு பெட்டியை நிரப்பிவிடும் என்பதால் மணலைக் கொஞ்சம் கூட்டியும் அளக்க வேண்டும். மலையில் முக்கால்வாசி நாள் மணல் ஈரம்தான். ரெடிமிக்ஸ் என்றால், லாரியில் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் இறுகுகிறது என்று டிரம்மில் தண்ணீர் விட்டால் அது எம் 20 இல்லை. நாலைந்து குழிக்கு மிக்சர் மெஷின் போதும்.

பொறியாளர் நண்பர்கள் சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் புதையும் கம்பிக் கான்கிரீட்டை 2000-ஆம் ஆண்டு ஐ.எஸ். 456 'மிதமான' சூழல் என்று வகைப்படுத்துகிறது. அதற்குக் குறைந்தது எம் 25, அதையும் பெட்டி அளவில் போடக்கூடாது, பொருட்களைச் சோதித்து விகிதம் கணக்கிட்டுப் போடும் டிசைன் மிக்ஸ்தான். உங்கள் வரைபடத்தில் அடித்தளத்துக்கே எம் 20 என்றிருந்தால், போட்டவரிடம் ஏன் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பொதுத் தளத்தில் எழுதும் நான் அவருக்குப் பதில் ஆள் இல்லை.

கேள்விக்கு வெளியே ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்ற பெயரில் கிரஷர் தூளை ஏற்றி அனுப்புவது நிற்கவே மாட்டேன் என்கிறது. கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே தடிப்பாக மாவுப் படலம் படிந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். இதைச் சொன்னால் 'நீங்க என்னங்க லேபா வெச்சிருக்கீங்க' என்று சிரிக்கிறார்கள். பாட்டில் போதும், லேப் எதற்கு?

போல்ட்டில் எம் என்றால் மெட்ரிக். விட்டம் 20 மி.மீ., மரைக்கு மரை 2.5 மி.மீ., சாதாரண அறுகோணத் தலைக்கு 30 நம்பர் ஸ்பேனர். ஹார்டுவேர் கடையில் எம் 20 என்று கேட்டு, ஆறு நூல், அதாவது முக்கால் இன்ச் போல்ட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். முக்கால் இன்ச் என்பது 19.05 மி.மீ., இன்ச்சுக்கு 10 மரை, அதாவது 2.54 மி.மீ. எம் 20 நட் அதில் லொடலொடவென்று ஏறிவிடும். ஏறாமல் இருந்தாலாவது தப்பு தெரியும். முறுக்கும்போதோ, பின்னால் காற்று ஷெட்டைத் தூக்கும்போதோ மரை வழித்துக்கொண்டு வரும். வெர்னியர் வைத்துப் பார்த்து வாங்குங்கள். அளவோடு கிரேடும், அதாவது வலிமைத் தரமும் கேளுங்கள். 4.6-ம் 8.8-ம் எம் 20தான், இழுவிசையில் ஒன்றுக்கு இரண்டு மடங்கு வித்தியாசம். தலையில் எண் அடிக்காத போல்ட்டை 8.8 என்று நம்ப வேண்டாம்.

தூணைப் பிடிக்க அடித்தளத்தில் புதைக்கும் போல்ட் கான்கிரீட்டுக்கு மேலே எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதை முன்னமே கூட்டிப் பாருங்கள். தூணின் அடித்தகடான பேஸ் பிளேட் 20 மி.மீ., அடியில் இடைவெளியை நிரப்பும் கலவையான கிரௌட் 25, வாஷர் 3, நட் 18, செக் நட் 18, மேலே இரண்டு மரை 5. மொத்தம் 89, ஆகவே 100 மி.மீ. விடுங்கள். நான்கு போல்ட்டையும் ஒரே டெம்ப்ளேட் தகட்டில் மாட்டி, மரைக்கு கிரீஸ் தடவி டேப் சுற்றிவிட்டுத்தான் கான்கிரீட் கொட்ட வேண்டும். வைப்ரேட்டர் ஊசி போல்ட்டில் பட்டால் நகர்ந்துவிடும். நகர்ந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால் அடியில் கான்கிரீட் விட்டுப்போகும்.

எலக்ட்ரீஷியனுடைய எம் 20, மின்பெட்டிக்குள் கேபிள் நுழையும் துளையில் மாட்டும் கேபிள் கிளாண்ட். அதுவும் மெட்ரிக் 20 மி.மீ.தான், ஆனால் மரை 1.5. போல்ட் நட் அதில் ஏறாது. பழைய ஜெர்மன் மரை அளவான பி.ஜி. 13.5 கிளாண்ட் 20.4 மி.மீ. இருப்பதால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், மரை சேராது. லாக் நட்டோடு செட்டாக வாங்குங்கள். மின்பெட்டியின் அடிப்பக்கத்தில் துளை போடச் சொல்லுங்கள். மேல்பக்கம் போட்டால் மழைத்தண்ணீர் கேபிள் வழியே நேராக உள்ளே இறங்கும்.