பயமில்லாமல் சிரிக்க ஒரு பேய் வீடு

கேள்வி: எங்கள் வீடு லாஸ்பேட்டையில். அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் கொண்டாட வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கடலூரிலிருந்து அண்ணன் குடும்பமும் வருகிறது. எல்லோரும் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி ஒரு பேய்க் காமெடித் தொடர் போடலாம் என்று நினைக்கிறேன். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. போன முறை ஒரு தமிழ்ப் பேய்ப் படம் பார்த்துவிட்டு, சின்னவன் பல நாள் தனியாக பாத்ரூம் போகவில்லை. மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. முடிவே இல்லாமல் இழுக்கிற தொடர் என்றால் என் கணவர் எழுந்து போய்விடுவார். எதில் தொடங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: உங்கள் வீட்டுக்கு எங்கள் தேர்வு பிபிசி தயாரித்த ‘கோஸ்ட்ஸ்’. 2019 ஏப்ரலில் தொடங்கி 2023 கிறிஸ்துமஸ் அன்று முடிந்த தொடர். ஐந்து சீசன், சீசனுக்கு 6 எபிசோட், கூடவே 4 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோட், ஆக மொத்தம் 34. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். பதினேழு மணி நேரத்தில் முழுக் கதையும் முடிந்துவிடும் என்று கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொடருக்குள் போவதற்கு முன், சின்னவன் ஏன் பயந்தான் என்பதைப் பார்த்துவிடலாம். அது தெரிந்தால்தான் சரியான தொடரைத் தேர்ந்தெடுக்க முடியும். நம் பேய்ப் படங்களில் பெரும்பாலும் பேய்க்கு ஓர் அநியாயம் நடந்திருக்கும். முதல் பாதியில் பயந்து ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்போம். இரண்டாம் பாதியில் பிளாஷ்பேக், அழுகை, பழிவாங்கல். சிரிப்பு மனிதர்கள் பக்கமும் கோபம் பேய் பக்கமும் இருப்பதால், படம் முடிந்த பிறகும் அந்தக் கோபம் பிள்ளையின் மனதில் தங்கிவிடுகிறது. நல்ல பேய்க் காமெடித் தொடரில் பேய்க்குப் பழிவாங்க ஒன்றும் இருக்காது. போக வழி தெரியாமல் மாட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் சலிப்பு உண்டு, வீம்பு உண்டு, பக்கத்துப் பேயோடு சண்டை உண்டு. சிரிப்பு முழுவதும் பேயின் மேல்தான். ஒரு தொடரைப் புதிதாகப் பார்க்கும்போது, இது பழிவாங்க வந்த பேயா, மாட்டிக்கொண்ட பேயா என்று முதல் பத்து நிமிடத்தில் கவனியுங்கள். சின்னவன் இருக்கும் வீட்டில் இரண்டாவது வகைதான் ஓடும்.

‘கோஸ்ட்ஸ்’ கதை எளிமையானது. அலிசன், மைக் என்ற இளம் தம்பதிக்கு தூரத்து உறவு வழியாக பட்டன் ஹவுஸ் என்ற பழைய மாளிகை சொத்தாக வருகிறது. கையில் காசில்லை, கூரை ஒழுகுகிறது. வந்த இடத்தில் அலிசன் ஜன்னலிலிருந்து விழுந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்புகிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் இறந்துபோனவர்கள் எல்லோரும் அவள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். கற்கால மனிதன் ராபின், சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட மேரி, தலை வேறு உடல் வேறாக அலையும் ஹம்ஃப்ரி, காதல் கவிஞன் தாமஸ், வெள்ளை மனம் கொண்ட கிட்டி, கண்டிப்பான வீட்டு எஜமானி லேடி பட்டன், இரண்டாம் உலகப் போர்க் கால கேப்டன், 1984-ல் சாரணப் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கப்போய்க் கழுத்தில் அம்பு பாய்ந்த பேட், 1993-ல் பேன்ட் இல்லாமல் செத்துப்போன அரசியல்வாதி ஜூலியன். ஒன்பது பேர், ஒன்பது காலம், ஒரே கூரை. ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நிற்கிற கூட்டுக்குடும்பம் மாதிரிதான் அடித்துக்கொள்கிறார்கள்.

தொடர் தளராமல் ஓடக் காரணம் அதன் சட்டதிட்டம். பேய்கள் அந்த நிலத்தின் எல்லையைத் தாண்ட முடியாது. எந்த உடையில் இறந்தார்களோ அதே உடையில்தான் காலம் முழுவதும். சாப்பிட முடியாது, பொருள்களைத் தொட முடியாது. சிலருக்கு மட்டும் ஒரு சின்னத் திறமை: ராபின் மின்விளக்கை மினுக்கவைப்பார், மேரியின் ஊடாக யாராவது நடந்தால் தீய்ந்த வாடை வீசும், ஜூலியன் முக்கி முனகி ஒரே விரலால் ஒரு கோப்பையை நகர்த்துவார். அலிசனுக்கு மட்டும் தெரியும், மைக்குக்குத் தெரியாது. அதனால் வெற்றுச் சுவரைப் பார்த்து அவள் சண்டை போடும்போது மைக் எந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டுவது என்று தெரியாமல் விழிப்பார். ஒவ்வொரு நகைச்சுவையும் இந்தச் சட்டங்களில் ஏதாவது ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது. இடையில் சட்டத்தை வசதிக்கு மாற்றிக்கொள்ளும் தொடர்கள் இரண்டாவது சீசனிலேயே தொய்ந்துவிடும். பேய்களாக நடித்தவர்களில் ஆறு பேரே இதை உருவாக்கி எழுதியவர்கள் என்பதால் இங்கே அந்தக் கட்டுப்பாடு குலையவில்லை.

உங்கள் மாமியாருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் ஏறிக்கொண்டு கதை சொல்லும், ராஜா வாய் திறந்தால் மறுபடி மரத்துக்குப் போய்விடும். அதுவும் சட்டம் வைத்து விளையாடும் பேய்தானே! சப்டைட்டில் படிக்க முடியாதவருக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்தால் மற்றவர்களின் சிரிப்பும் கெடும். எபிசோட் தொடங்கும் முன் மகள் இரண்டே வாக்கியத்தில் கதையைச் சொல்லட்டும், நடுவில் ஒரே ஒரு முறை நிறுத்தி விளக்கட்டும். மீதியை முகபாவமும் உடையும் சொல்லிவிடும். முதல் சீசனின் மூன்றாவது எபிசோடில், பேட் இறந்த நாளில் அவருடைய குடும்பம் வருடந்தோறும் அந்த வீட்டுத் தோட்டத்துக்கு வரும். அவர் மட்டும் அவர்களைப் பார்க்கலாம், அவர்களுக்கு அவர் தெரியமாட்டார். திதி கொடுத்துப் பழகிய எவருக்கும் அதைப் புரியவைக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் கண் கலங்கும், அதையும் எதிர்பார்த்து உட்காருங்கள்.

தேடும்போது ஒரு தவறு எளிதாக நடக்கும். இதே பெயரில் 2021 அக்டோபரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒரு பதிப்பைத் தொடங்கியது. அதில் தம்பதி பெயர் சாம், ஜே. ஜே-யாக நடிப்பவர் இந்திய வம்சாவளி நடிகர் உத்கர்ஷ் அம்புட்கர். எபிசோட் 22 நிமிடம்தான், உச்சரிப்பும் காதுக்குச் சுலபம், முதல் சீசனிலேயே ஒரு ஹாலோவீன் எபிசோடும் உண்டு. நல்ல தொடர்தான். ஆனால் இரண்டையும் ஒரே மாதத்தில் பார்க்காதீர்கள். அமெரிக்கப் பதிப்பின் தொடக்கக் கதைகள் பல பிரிட்டிஷ் பதிப்பிலிருந்து வந்தவை. அம்பு பாய்ந்தவர், பேன்ட் இல்லாதவர் என்று அதே வேடிக்கைகள் திரும்ப வரும்போது சிரிப்பு பாதியாகிவிடும். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டைப் பார்த்து 2019-ஐத் தேர்ந்தெடுங்கள். எந்தச் செயலியில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால், ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாடு இந்தியா என்று வைத்துத் தேடிவிட்டு அப்புறம் சந்தா கட்டுங்கள்.

சின்னவனுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியவை மூன்று. லேடி பட்டன் இரவில் அலறிக்கொண்டே ஜன்னலிலிருந்து விழுவார், அது அவர் இறந்த விதம், அவருக்கு வலிக்காது. நிலவறையில் கொள்ளைநோயில் செத்தவர்கள் கூட்டமாக நிற்பார்கள், முகமெல்லாம் கொப்புளம், ஆனால் வீட்டிலேயே சாதுவானவர்கள் அவர்கள்தான். ஹம்ஃப்ரியின் தலை தனியாகப் பேசும். வரப்போவது தெரிந்துவிட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை பயப்படுவதற்குப் பதிலாக ‘இப்ப வரும் பாரு’ என்று அண்ணன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்காட்டும். ஜூலியன் வாயில் அவ்வப்போது இரட்டை அர்த்த வசனம் வரும். சின்னவனுக்குப் பிடிபடாது, மகளுக்குப் பிடிபடும். நான்காவது சீசனில் ஒரு பேய் நிரந்தரமாக விடைபெறும், அந்த எபிசோடைத் தூங்கப் போகும் நேரத்தில் போடாதீர்கள்.

அன்றைய மாலையை இப்படி அமைக்கலாம். ஆறரைக்கு 1969-ல் வந்த ‘ஸ்கூபி-டூ’ கார்ட்டூன் ஒரு எபிசோட், 22 நிமிடம். அதில் பேய் என்று வருவதெல்லாம் முகமூடி போட்ட மனிதர்கள், கடைசியில் முகமூடி கழன்றுவிடும். சின்னவனின் தைரியத்துக்கு நல்ல அடித்தளம். ஆண்டு முக்கியம்: 1998-ல் இந்த வரிசையில் வந்த முழுநீளப் படத்தில் ஸோம்பிகள் நிஜமானவை. ஏழு மணிக்கு ‘கோஸ்ட்ஸ்’ முதல் இரண்டு எபிசோட், இடைவெளி விடாமல். முதல் எபிசோட் வீட்டையும் ஆட்களையும் அறிமுகப்படுத்துவதோடு சரி, அலிசன் பேய்களோடு மல்லுக்கட்டும் வேடிக்கை இரண்டாவதில்தான் சூடு பிடிக்கிறது. ஒன்றோடு நிறுத்தினால் ‘இவ்வளவுதானா’ என்று கணவர் எழுந்துவிடுவார். எட்டு மணிக்குச் சாப்பாடு, எட்டே முக்காலுக்கு மூன்றாவது எபிசோட். ஒன்பதே காலுக்கு டிவியை அணைத்துவிடுங்கள்.

ஆபத்து பெரும்பாலும் தொடரில் இல்லை, செயலியில் இருக்கிறது. பேய் என்று தேடினால் பக்கத்திலேயே ரத்தம் வழியும் படங்களின் போஸ்டர்கள் வரிசையாக நிற்கும். எபிசோட் முடிந்ததும் நிஜ திகில் படத்தின் டிரைலர் தானாக ஓடத் தொடங்கும். அதற்கு ஐந்து நொடி போதும், அந்த இரவு தூக்கம் போய்விடும். ஆகவே முதல் நாளே தேடி விருப்பப் பட்டியலில் சேர்த்துவையுங்கள். ப்ரொஃபைல் அமைப்புக்குள் போய் அடுத்த எபிசோடும் முன்னோட்டமும் தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள். குழந்தைகள் ப்ரொஃபைலில் இந்தத் தொடர் தேடினாலும் கிடைக்காமல் போகலாம், பெரியவர் ப்ரொஃபைலில் போட்டு ரிமோட்டை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில சப்டைட்டிலை இயக்கி எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். ராபினும் மேரியும் பேசுவது பழகிய காதுக்கே சிரமம். டிவியில் வசனத்தைத் தூக்கிக்கொடுக்கும் ஒலி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் வசனம் கேட்க ஒலியைக் கூட்டிவைத்திருக்கும்போது இடிச்சத்தம் தூக்கிவாரிப்போடும். அறையை முழு இருட்டாக்க வேண்டாம், டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். அக்டோபர் கடைசி என்றால் நம் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். கரண்ட் போனாலும் கை கொடுக்க, செயலி அனுமதித்தால் மூன்று எபிசோடையும் டேப்லெட்டில் டவுன்லோடு செய்து சார்ஜ் போட்டுவையுங்கள்.

வேஷத்துக்குக் கடையில் ரப்பர் முகமூடி வாங்க வேண்டாம். ‘இறந்த உடையிலேயே இருப்பார்கள்’ என்ற சட்டத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒயிட் டவுனில் ஒரு பழைய வீட்டில் யார் யார் மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று யோசிக்கச் சொல்லுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), பிரெஞ்சு சிப்பாய், சமையல்கார ஆயா. பாட்டியின் பழைய புடவையும் ஒரு தலைப்பாகையும் போதும்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்களுக்கு: நியூசிலாந்தின் ‘வெலிங்டன் பாரநார்மல்’, 2018-ல் தொடங்கியது. பேய் புகார்களை விசாரிக்கும் இரண்டு போலீஸ்காரர்கள், எதைக் கண்டாலும் அசராமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். எபிசோடுகள் பெரும்பாலும் தனித்தனிக் கதைகள், எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். அதே வட்டத்திலிருந்து வந்த ‘வாட் வீ டூ இன் தி ஷேடோஸ்’ அபாரமான நகைச்சுவை, ஆனால் ரத்தமும் பச்சையான பேச்சும் நிறைய. 14 வயது மகளுக்கும் வேண்டாம்.

நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், உங்களுக்கு விடுமுறை. கடலூரில் அப்படியில்லை. அது வேலை நாளாக இருந்தால் அண்ணன் வீட்டார் இரவே மழையில் திரும்ப வேண்டியிருக்கும், அரை மணி நேரம் முன்னால் தொடங்கிவிடுங்கள். மீதி 31 எபிசோடுகளை வார இறுதிக்கு நான்கு வீதம் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகளைச் சில செயலிகள் தனியாகப் பிரித்து வைத்திருக்கும். முதல் சீசனுக்கு அப்படி ஒன்று இல்லை, இரண்டிலிருந்து ஐந்துவரை அந்தந்த சீசன் முடிந்ததும் அதைப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். இந்தக் கணக்கில் போனால் தொடரின் கடைசி எபிசோட் டிசம்பர் 25-ஐ ஒட்டி வரும்.