நீலக்குறிஞ்சி என்று வாங்கிய நாற்று கருகுகிறது: உரம் போடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இணையவழியில் நீலக்குறிஞ்சி நாற்றுகள் என்று வாங்கி மாடித் தோட்டத்தில் வைத்தாராம். இப்போது இலை விளிம்புகள் கருகுகின்றன. தான் விற்கும் உரக் கரைசலையும் வாங்கி ஊற்றினால் செடி தேறி இரண்டே ஆண்டுகளில் பூக்கும் என்கிறாராம் விற்றவர். ஊற்றலாமா என்பது கேள்வி.

ஊற்ற வேண்டாம். மாடி வெக்கையில் வேர் தவித்துக்கொண்டிருக்கும்போது உரத்தின் உப்பும் சேர்ந்தால் கருகல் கூடத்தான் செய்யும். தொட்டியைக் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். அதற்கு முன், வந்திருப்பது நீலக்குறிஞ்சிதானா என்று பார்க்க வேண்டும். அது வேறு செடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேல், சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிச் சரிவுகளில், குளிரும் மூடுபனியும் தண்ணீர் தேங்காத மண்ணும் உள்ள இடத்தில் வளரும் புதர். பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, கூட்டமாக ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டபின் மடிந்துவிடும். மூணாறு மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அங்கே அடுத்த பூப்பு 2030இல். எந்தக் கரைசலும் இந்தக் கணக்கைக் குறுக்காது. கோவை வெயிலில் பன்னிரண்டு ஆண்டுகள் அதைத் தொட்டியில் காப்பாற்றுவதும் நடக்கிற காரியமில்லை.

விற்பவர்கள் விளம்பரத்துக்கு மலைச்சரிவு முழுவதும் நீலமாகக் கிடக்கும் பழைய படங்களைப் போட்டுவிட்டு, தபாலில் அனுப்புவது பெரும்பாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடிகளை. இலை விரலைப் போல் நீண்டு ஒடுங்கி, தண்டில் ஊதாச் சாயல் ஓடினால் அது மெக்சிகோ ரூயெல்லியா. காய்ந்த காயை நீரில் போட்டால் ‘பட்’டென்று வெடிக்கும் பட்டாசுக்காய்ச் செடிக்கு நெருங்கிய உறவு. இலை சிறிதாக, ஊதாப் பூவின் தொண்டை மஞ்சளாக இருந்தால் துன்பெர்ஜியா. நீலக்குறிஞ்சியின் இலையோ தடித்து, விளிம்பில் நுண்ணிய பற்களுடன், நரம்புகள் பள்ளமாகப் பதிந்து தெரியும். உங்கள் செடி வரும் ஆண்டிலேயே பூத்துவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை, அது நீலக்குறிஞ்சி அன்று.

ஒருவேளை உண்மையான நீலக்குறிஞ்சியாகவே இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட தாவரங்களைப் பட்டியலிடும் மூன்றாம் அட்டவணையில் இச்செடி சேர்க்கப்பட்டுவிட்டது. உரிமமின்றி வளர்ப்பதும் விற்பதும் குற்றம், சிறைத் தண்டனை வரை போகலாம். “மலைவாழ் மக்களிடம் வாங்கியது, அவர்களுக்கு அனுமதி உண்டு” என்று இடைத்தரகர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அதை நம்பி ஏமாறாதீர்கள். பட்டியல் பழங்குடியினர் ஒருவர், தாம் வசிக்கும் மாவட்டத்துக்குள், தம் சொந்தத் தேவைக்காகச் சேகரிக்கவும் வைத்திருக்கவும் சட்டம் விலக்கு அளிக்கிறது என்பது மெய்தான். ஆனால் அந்த விலக்கு அவருக்கு உரியது, செடிக்கு உரியதன்று. அவர் கையிலிருந்து தரகர் கைக்கும், தரகர் கையிலிருந்து உங்கள் மாடிக்கும் அது செடியோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. பத்திரத்தில் எழுதித் தந்தாலும் இதுதான் நிலை. அகப்பட்டுக்கொண்டால் தரகர் தொலைபேசியை அணைத்துவிடுவார். ரசீதில் இருப்பது உங்கள் பெயர்.

அட்டவணையில் சேர்ப்பதோடு தங்கள் கடமை முடிந்தது என்று அரசு அதிகாரிகள் இருந்துவிடுகிறார்கள். செடி வாங்கும் சாதாரண மக்களுக்குப் புரியும்படி ஒரு பக்கத் துண்டறிக்கைகூட அச்சிட்டுத் தர யாருக்கும் தோன்றவில்லை. விளக்கம் கேட்டுப் போனால் ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டும். உங்களுக்கு ஒரு வசதி உண்டு: இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. இலையின் இருபுறமும் தண்டும் தெளிவாகத் தெரியும் படங்களுடன் அங்கே கேளுங்கள். நீலக்குறிஞ்சி என்று உறுதியானால், வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு கையில் வந்த பிறகு வெளியே வாருங்கள்.

மலைக்குக் கொண்டுபோய் நட்டுவிட்டால் புண்ணியம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அது ரூயெல்லியாவாக இருந்தால் காய் வெடித்து விதை சிதறிக் களையாகப் பரவும். ரூயெல்லியாவை வீட்டில் வைத்துக்கொள்வதானால், காய்கள் பழுப்பாகும் முன்பே கிள்ளிவிடுங்கள்.