சீட் நிறத்தை நானே மாற்றலாமா?

கேள்வி: என் காரின் லெதர் சீட்டுகள் வெளிர் பழுப்பு நிறம். ஓட்டுநர் சீட் ஓரத்தில் சாயம் போய்விட்டது. எல்லாவற்றையும் கறுப்பாக்க ஆசை. நானே செய்யலாமா, ஆளிடம் கொடுக்கவா?

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம், வெளிர் நிறத்திலிருந்து கறுப்புக்குப் போவது சுலபம்தான். பெரும்பாலான கார் லெதரில் நிறம் மேற்பரப்பில் ஒரு படலமாகத்தான் இருக்கிறது, அதனால் பழைய அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, முன்பு தடவிய கண்டிஷனர் எல்லாம் சுத்தமாகப் போகாவிட்டால் புதுச் சாயம் சில மாதங்களில் உரிந்து வரும். பாதி வேலை இந்தத் துடைப்பில்தான். தையல் மடிப்புகளை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (பிசுக்கை எடுக்கும் திரவம்) தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். லெதருக்கென்றே விற்கும் நீர் கலந்த சாயத்தை ஸ்பாஞ்சால் மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் அடுத்ததாக, மூன்று நான்கு முறை பூசுங்கள். கடைசியில் சாயத்தைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சு கட்டாயம், இல்லையென்றால் சாயம் உடையில் ஒட்டும். ஷூ பாலிஷ் பக்கமே போக வேண்டாம்.

சரி, சீட்டில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கிறதா? அப்படியென்றால் ஸ்ப்ரே கன் வைத்திருக்கும் ஆளிடமே கொடுங்கள், ஸ்பாஞ்ச் துளைகளை அடைத்துவிடும். ஆழமான வெடிப்பு இருந்தாலும் அதேதான்.