பதில்: பரோலோ நாக்கை வறள வைக்கிறது, சாராய நெடி அடிக்கிறது

நண்பரே, 2019 பரோலோவை, அதாவது அந்த ஆண்டு விளைந்த திராட்சையில் செய்த இத்தாலியச் சிவப்பு ஒயினை, திறந்த கையோடு ஆறு பேருக்கு ஊற்றியதில் துவர்ப்பும் நெடியும்தான் மிச்சம் என்கிறீர்கள். பாட்டில் கெட்டதாகத் தெரியவில்லை. கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும்; அதற்கு மருந்தே கிடையாது. இது பரோலோ செய்யும் நெபியோலோ திராட்சையின் குணம். நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்போ பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி. சட்டப்படி 38 மாதம் முதிர்ந்துதான் விற்பனைக்கு வருகிறது, ஆனாலும் இளசுதான்.

நெடிக்குக் காரணம் உங்கள் 29 டிகிரி அறை. 'அறை வெப்பநிலை' என்பது ஐரோப்பியக் குளிர்வீட்டுக் கணக்கு. உங்களுக்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி.

அடுத்த முறை முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். விருந்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அகன்ற கண்ணாடிக் குடுவையில் மெதுவாக ஊற்றுங்கள். கழுத்தில் வண்டல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பாட்டிலைக் கழுவி, நீர் வடித்து, ஒயினைத் திரும்ப ஊற்றி, ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து நிமிடம். வெறும் ஐஸ் வேண்டாம், பாட்டிலோடு ஒட்டாது.

முதல் சுற்று ஆளுக்கு 60 மில்லி போதும். மீதியை ஒரு மணி நேரம் கழித்து ஊற்றுங்கள், ரோஜா வாசனை அப்போதுதான் அவிழும். சிக்கன் 65-ஐ மட்டும் தயவுசெய்து தள்ளி வையுங்கள். மிளகாய்க் காரம் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். பார்மசான் சீஸ் துண்டுகள் துவர்ப்பை அடக்கும்.