முதலில் எதை அளக்கப் போகிறீர்கள்?

கேள்வி: ஊட்டச்சத்தியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, கடலூரில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வயது 31, மூன்று வயதில் மகன் இருக்கிறான். சர்க்கரை நோயாளிகளின் உணவு, வளர்சிதை மாற்றம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. வயது தடையா? வேலையை விட வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாத கவலை, சகோதரி. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத்தான் 30 வயது வரம்பு. பெண்களுக்கு அதிலும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. மனையியல் பாடத்தில் எழுதுங்கள். கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் வரும், ஆனால் முழுநேரமாகச் சேர வேண்டும். வேலையை விட மனமில்லை என்றால் மருத்துவமனையின் தடையின்மைச் சான்றோடு பகுதிநேரமாகச் சேரலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டாண்டு கொடுக்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் தலைப்புதான். 'சர்க்கரை நோயாளிகளின் உணவு' என்பதில் எதை, யார் கையால் அளப்பீர்கள்?

தேவனாம்பட்டினத்தில் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. சாதாரணக் குழாயில் பதினோரு மணிவரை அப்படியே கிடந்தால், 130 இருந்த அளவு 100-ஐ ஒட்டி வந்து நிற்கும். நோயாளி ஒருவர் காகிதத்தில் நலமாகிவிடுவார்! இதைத் தடுக்கும் மருந்து சேர்த்த ஃப்ளோரைடு குழாயும் உடனே தடுத்துவிடாது. முழுப் பலன் கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஐஸ் பெட்டி வேண்டும், அருகிலேயே பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, அணுக்களிலிருந்து பிரிக்க ஏற்பாடு வேண்டும். இதை யோசிக்காமல் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் எண்களைத் தூக்கிப்போட்டவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

உணவுக் கணக்கும் அப்படித்தான். 'இரண்டு கரண்டி சோறு' என்பார்கள். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு. அளவுக் கிண்ணங்களைக் கையோடு கொண்டுபோங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையை ஊரிலிருந்தே பயன்படுத்தலாம்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் என்று இரண்டும் பஸ் தூரம்தான். நெறியாளரின் புகழைவிட, அவரிடம் கடைசியாக முடித்த இருவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை விசாரியுங்கள். ஆய்வகத்துக்கு நேரில் போய், கருவியைத் தொட மாணவர்களை விடுகிறார்களா என்று பாருங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கக் கூடாது; அதற்குச் சில மாதங்களை இப்போதே ஒதுக்கிவையுங்கள்.

உங்கள் மருத்துவமனைச் சமையலறையில் நாளைக்கே பத்து இட்லிகளைத் தனித்தனியாக எடைபோடுங்கள். எத்தனை கிராம் வித்தியாசம் என்று எழுதி, அந்தத் தாளோடு நெறியாளரைப் பார்க்கப் போங்கள்.